மனையியல் அறையில் பூட்டிய பெட்டிகள்

பணக்கார நாடுகள் அழிவுக் காலத்தில் போதிய அளவு உதவுகின்றனவா என்று வானொலியில் யாராவது வாதாடத் தொடங்கினால் நான் அதை நிறுத்திவிடுவேன். கருத்து இல்லாமல் இல்லை. அந்தக் கேள்வியை ஒரு வெள்ளைக்கார அம்மா என்னிடமே, முகத்துக்கு நேரே, கண்ணீர் வழியக் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் சொன்ன பதில் பொய். அதற்கு இரண்டு நாள் முன்னால் நான் வேறொருவரிடம் சொன்ன ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் கால் போனது. இரண்டையும் இதுவரை நான் வெளியாட்கள் யாரிடமும் சொன்னதில்லை. வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்கு எளிது.

அப்போது எனக்கு முப்பது வயது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த பள்ளிக்கூடத்தில் சிற்றூழியராக இருந்தேன். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அது நல்ல வேலை. கொட்டாஞ்சேனையில் அண்ணன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவேன். மனையியல் அறையின் சட்டி பானை கழுவுவது, ஆசிரியர்களுக்குத் தேநீர் ஊற்றுவது, அறைகளைத் திறந்து பூட்டுவது என் வேலைகள்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, கடல் வந்தது.

ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் பலகையும் தகரமும் அடித்த வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் ஒரு நாட்டாமியும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்குகிறவர்களைக் கொழும்பில் நாட்டாமி என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் இல்லை. அந்த மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கடல் வந்த விதத்தை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

முதலில் தண்ணீர் வெகுதூரம் உள்ளே போனதாம். பாறைகள் வெளியே தெரிய, பொடியன்கள் மீன் பொறுக்க ஓடினார்களாம். திரும்பி வந்தது அலையாக இல்லை, ஒரு சுவர் நகர்ந்து வருவதுபோல் இருந்ததாம். அது வீட்டைப் பெயர்த்து ரயில் பாதைக் கற்களில் அடித்தது. தண்ணீரோடு வந்த கூரைத் தகரம் அக்காவின் வலது கெண்டைக்காலை எலும்பு தெரிய வெட்டியது. தண்டவாளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தவரின் முதுகில் யாருடையதோ ஒரு கட்டில் வந்து மோதியது. பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவரை மறு கையால் பிடித்திருந்தார். தண்ணீர் திரும்பி இறங்கும்போது அந்தக் கை கழன்று போய்விட்டது.

"தோல் உரிஞ்சு வர்ற மாதிரி கழண்டுச்சு மிஸ். நகம் மட்டும் என் கையில கீறிட்டுப் போச்சு," என்றார். நான் ஆசிரியை இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் மிஸ்தான்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரான அதிபர் எனக்கு ஆள் அனுப்பினார். பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டது. மேசைகளை வெளியே அடுக்கிவிட்டு வகுப்புகளில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு டாக்டர் வந்து அக்காவின் காயத்தைக் கழுவித் தைத்தார். வீக்கம் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

புதன்கிழமை ஒரு லொறி நிறையப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே நாட்டின் கொடி ஒட்டியிருந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்கியும் சில பெட்டிகள் அசையவில்லை. அதிபர் எல்லாவற்றையும் மனையியல் அறைக்குள் அடுக்கச் செய்து, பூட்டி, சாவியை என்னிடம் தந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், ஆனால் இரக்கம் இல்லாதவர் அல்ல. தான் உடுக்கும் சாரங்களை முதல் நாளே முகாமுக்குக் கொடுத்தவர் அவர்.

"பிள்ளை, அனுப்பின ஆக்கள் நேர வந்து தங்கட கையால குடுக்கோணுமாம். அதுக்கு முதல் ஒரு பெட்டியும் உடைபடக் கூடாது. விளங்கிச்சுதோ?"

"ஓம் சேர்."

அனுப்பியவர்களின் நிபந்தனை அது. தங்கள் பதாகைக்கு முன்னால் வைத்துக் கொடுத்து, படம் எடுத்து, தங்கள் ஊரில் காட்ட வேண்டும். அதற்கு மேல் எங்கள் பக்கத்து முறையும் சேர்ந்துகொண்டது. விருந்தாளியைச் சும்மா வரவேற்க முடியுமா? கோவிலிலிருந்து குத்துவிளக்கு வந்தது. மாலைக்குச் சொல்லியாயிற்று. வீட்டை இழந்த நாலு பெண்பிள்ளைகளைப் பிடித்து, முற்றத்தில் வரவேற்பு நடனம் பழக்கினார்கள். அதில் ஒருத்தி ஆடிக்கொண்டே அழுதாள். அவளை மாற்றி வேறொருத்தியை நிறுத்தினார்கள்.

அதிபர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: வியாழக்கிழமை கையளிப்பு. பேர் கூப்பிடும்போது புருஷனும் மனைவியும் முகாமில் தந்த பதிவுத் துண்டோடு நேரில் நிற்க வேண்டும். நிற்காத குடும்பத்தின் பேர் வெட்டப்படும்.

வியாழக்கிழமை காலை நான் கேற்றைத் திறந்துகொண்டிருந்தேன். நாட்டாமி அக்காவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். கட்டுக்கு மேலே கால் வீங்கி, தோல் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. வெளியே ஒரு திரீவீலர் நின்றது.

"எங்க அண்ணே?"

"ஆஸ்பத்திரிக்கு. விடிய விடிய அனத்துறா. பாரு தங்கச்சி என் நேரத்த, இன்னைக்குத்தான் பேர் கூப்புடுறாங்க. போன வெள்ளத்துலயும் இப்பிடித்தான். மூட்டைக்குப் போயிட்டு வர்றேன், ஆளில்லேன்னு வெட்டிட்டானுக. ஒரு சட்டிகூட இல்லாம இவ ஒரு மாசம் தகரத்துல ரொட்டி சுட்டா."

"ரொட்டிய விட தகரம் ருசியா இருந்திச்சு," என்றார் அக்கா, அவர் தோளில் முகத்தை வைத்தபடி. "எறக்கி விடுங்க. இன்னைக்கு ஒரு நாள்தானே. இருந்துட்டுப் போவம்."

"அய்யே, யமுத?" போவோமா என்று திரீவீலர்காரன் சிங்களத்தில் அவசரப்படுத்தினான்.

நாட்டாமி என்னைப் பார்த்தார். முகாமில் சாவி வைத்திருக்கிறவள் நான்தான். நான் சொல்வது அவருக்கு ஓர் அதிகாரியின் சொல் மாதிரி. போங்கள், உங்கள் பேரை வெட்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதிபரிடம் போய் அவர்களுக்காகக் கதைக்க வேண்டும். அவருடைய அறைக்குள் நுழைந்து, பத்துப் பேர் முன்னால் வாயைத் திறந்து கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் வேறொன்றைச் சொன்னேன்.

"உள்ள மருந்துப் பெட்டியும் இருக்கு அண்ணே. மேல படம் போட்டிருக்கு. இன்னைக்கே தந்துடுவாங்க."

படம் இருந்தது உண்மை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் அதை நம்பினார். பிறகு திரீவீலரை அனுப்பிவிட்டு, அக்காவைத் திரும்ப வகுப்புக்குச் சுமந்துகொண்டு போனார்.

அன்று பின்னேரம் வரைக்கும் எல்லோரும் வெயிலில் வரிசையாக இருந்தார்கள். பின்னேரம்தான் செய்தி வந்தது. விருந்தாளிகள் நாளைக்கு வருகிறார்களாம். வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே நுழையும்போதே அந்த வகுப்பிலிருந்து நாற்றம் வந்தது. அக்காவின் கால்விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பத்து நிமிஷத்தில் ஒலிபெருக்கி மறுபடி பேசியது. கையளிப்பு சனிக்கிழமையாம்.

நாட்டாமி மனையியல் அறைக்கு வந்தார். பின்னால் இருபது முப்பது ஆண்கள்.

"தொற தங்கச்சி."

"சாவி சேரிட்ட," என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

அதிபர் ஓடிவந்தார். "அது மற்றாக்களின்ர சாமான். நான் கையெழுத்து வைச்சு எடுத்தது. ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது!"

"என் பொண்டாட்டி கால் நாறுது சேர். வந்து மோந்து பாருங்க."

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே! ஆர் மறிச்சது?"

நாட்டாமி என்னைப் பார்த்தார். அடுத்த கணம் அதிபரின் முகத்தில் குத்தினார். மூக்குக்கண்ணாடி உடைந்து, கண்ணுக்குக் கீழே இரத்தம் கொட்டியது. யாரோ வகுப்பிலிருந்து பிள்ளைகள் உட்காரும் நீள வாங்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆறு பேர் அதைத் தூக்கிக் கதவில் இடித்தார்கள். நான் கதவோரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் விலகவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டாவது இடியில் வாங்கின் இரும்புக்கால் என் இரண்டு விரல்களை நிலையோடு சேர்த்து நசுக்கியது. மூன்றாவதில் கதவு உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது கடல் செய்ததற்குக் குறைந்ததல்ல. பெட்டிகளைக் கத்தியால் குத்திக் கிழித்தார்கள். உள்ளேயிருந்து ரோமம் வைத்த குளிர் கோட்டுகள் வந்தன. ஒருவர் அந்த மார்கழி வெக்கையில் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றார்.

"டேய், நுவரெலியாக் குளிருக்கு மாத்தலா?" என்று ஒரு குரல்.

"இல்லடா, ஐஸ் பெட்டிக்குள்ள வேல குடுத்திருக்காங்க!"

சிரிப்பு அரை நிமிஷம்தான். ஒரு கம்பளிக்கு மூன்று பெண்கள் இழுபட்டார்கள். ஒருத்தி மற்றவளின் காதைத் தோட்டோடு பிய்த்துவிட்டாள். குதி உயர்ந்த சப்பாத்து ஒன்றால் ஒருவன் அடுத்தவனின் மண்டையில் அடித்தான். ஐந்து நாளாக ஒரே பார்சல் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள்.

நாட்டாமி மருந்துப் பெட்டியைக் கண்டுபிடித்து, பிள்ளைகள் மா பிசையும் சீமெந்து மேடையில் கவிழ்த்தார். உண்மையிலேயே மருந்துதான். நூற்றுக்கணக்கான மாத்திரைத் தாள்கள், பாதி பாவித்தவை. அவர் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து, என் பின்னலைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினார்.

"படிச்சுச் சொல்லு. எது காயத்துக்கு?"

ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் ஆங்கிலம் இல்லை. எந்த நாட்டுப் பாஷையோ. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"தெரியல்ல அண்ணே."

"நீதானே சொன்ன!"

பின்னலை விட்டுவிட்டு ஓடினார். இருந்ததில் பெரிய மாத்திரைகள் இரண்டை அக்காவின் பல்லைப் பிரித்துத் திணித்தார். அக்கா அவற்றை வாந்தியெடுத்தார். அதற்குள் பொலிஸ் வந்துவிட்டது. "பஸ்ஸட்ட! பஸ்ஸட்ட!" என்று, பின்னுக்குப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்திக்கொண்டு, பொல்லுகளால் அடித்தார்கள். குளிர் கோட்டு போட்டிருந்தவருக்கு முதுகில் விழுந்த அடிகள் மெத்தையைத் தட்டுவதுபோல் கேட்டன. நாட்டாமிக்குத் தோளில் ஓர் அடி, முழங்காலில் ஓர் அடி. விழுந்த பிறகும் அக்காவின் மேல் கவிழ்ந்து கிடந்தார். அவரை இழுத்தெடுத்த சார்ஜன்ட் அந்தக் காலைக் கண்டதும் பொல்லைக் கீழே போட்டுவிட்டார். அக்காவைத் தானே தூக்கி ஜீப்பில் ஏற்றி, நாட்டாமியையும் கூட ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அன்று பின்னேரமே முழங்காலுக்கு மேலே வெட்டிவிட்டார்கள். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மேடையில் கிடந்த மாத்திரைகளைப் பிறகு இன்னொரு டாக்டர் பார்த்தார். பாதி இதய நோய்க்கும் நித்திரைக்கும் கொடுப்பவை, மீதி காலாவதியானவை. காயத்துக்கு என்று அதில் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை கையளிப்பு நடந்தது. அகப்பட்டதையெல்லாம் பறித்துச் சேர்த்து, பெட்டிகளை மறுபடி ஒட்டி, கிழிந்த பக்கம் சுவரைப் பார்க்க அடுக்கியிருந்தோம். கேற்றில் பொலிஸ் நின்றது. அதிபர் ஒட்டுப்போட்ட கண்ணாடியோடு விளக்கேற்றினார். பிள்ளைகள் ஆடினார்கள். பேர் கூப்பிட்டார்கள். நாட்டாமியின் பேர் வந்தபோது இடம் வெறுமையாக இருந்தது.

"பிள்ளை, நீ போய் வாங்கு. படம் எடுக்கேக்க ஆளில்லாட்டி வடிவாயிராது," என்று அதிபர் காதில் சொன்னார்.

போனேன். கொடுத்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா. வெயிலில் முகம் மிளகாய்ப்பழமாகியிருந்தது. நசுங்கிய விரல்களில் நான் போட்டிருந்த துணிக்கட்டைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து அழுதார்.

"கடலாலயோ எண்டு கேக்கிறா," என்றான் மொழிபெயர்க்க வந்த பையன்.

ஆம் என்று தலையை ஆட்டினேன்.

"அவையின்ர ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையள் உண்டியல் உடைச்சுச் சேர்த்ததாம். இது போதுமோ, இன்னும் என்ன வேணும் எண்டு கேக்கிறா. கெதியாச் சொல்லுங்கோ அக்கா, பின்னால லைன் நிக்குது."

கமரா என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. "போதும்," என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

அந்த அம்மா நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அனுப்ப முந்திக் கேட்க வேண்டிய கேள்வியை அனுப்பிய பிறகு கேட்டார். பதாகைக்கு முன்னால் நிறுத்திக் கேட்டால் எங்கள் ஆட்கள் எல்லோரும் போதும் என்றுதான் சொல்வார்கள். சில வருஷம் கழித்துக் களனி ஆறு பெருகி வீடுகள் கூரைவரை முங்கியபோது, அதே பள்ளிக்கூடத்தில் அதே மாதிரிப் பாய் விரித்தோம். வெளிநாட்டு லொறி ஒன்றும் வரவில்லை. ஆற்று வெள்ளம் தொலைக்காட்சியில் அவ்வளவு பயங்கரமாகத் தெரியவில்லை போலிருக்கிறது. படத்தைப் பார்த்து மனம் இளகினால் கொடுப்பது, இளகாவிட்டால் விடுவது. தங்களுக்கு வேண்டாததையும் நல்லதையும் ஒரே பெட்டியில் போடுவது. இவ்வளவு வசதியுள்ள நாடுகளுக்கு இது போதாது என்றுதான் நான் சொல்வேன். அவர்கள் தந்த கம்பளி ஒன்று இன்றும் என் வீட்டில் இருக்கிறது, அப்படியும் சொல்வேன். வந்ததை விளக்குக்கும் மாலைக்கும் காத்து நாங்கள் பூட்டி வைத்ததற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அது எங்கள் வேலை. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாட்டாமி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நான் பெட்டியை நீட்டினேன். அவர் கை ஓங்கியதைப் பார்த்தேன். அறை என் இடது காதில் விழுந்தது. பெட்டி தரையில் உருண்டது. வார்ட்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"மருந்து இருக்குன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"சேரிட்ட போய்க் கேக்கப் பயமா இருந்திச்சு அண்ணே. அதான் சொன்னேன்."

அவர் மறுபடி கை ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வேலையாள் ஒருவர் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க," என்றேன். "எங்க வீட்டு விசயம்."

என் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது எனக்கே ஆச்சரியம். வேலையாள் முறைத்துவிட்டுப் போனார்.

கட்டு மாற்ற ஒரு தாதி வந்தார். யாராவது தோளைப் பிடியுங்கள் என்றார் சிங்களத்தில். நாட்டாமி எழுந்து பிடித்தார். முதல் துணி உரிந்து வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் கட்டிலில் ஏறி, அக்காவின் தலையை மடியில் வைத்து, இரண்டு தோளையும் அமுக்கிப் பிடித்தேன். வெட்டின இடத்தை மூடாமல் விட்டிருந்தார்கள். உள்ளே வைத்த துணி தசையோடு ஒட்டியிருந்தது. தாதி அதை இழுத்தபோது அக்கா ஒரு சத்தம் போட்டார், பிறகு முகத்தைத் திருப்பி என் முன்னங்கையைக் கடித்தார். பல் இறங்கியதை உணர்ந்தேன். கையை எடுக்கவில்லை. புதுத் துணி வைத்து, சுற்றி, முடிச்சுப் போடும்வரை அவர் வாயை எடுக்கவில்லை.

பிறகு இரத்தம் ஒட்டிய உதட்டோடு என்னைப் பார்த்தார்.

"வலிக்குதா மிஸ்?"

"ஓம் அக்கா. நல்லா வலிக்குது."

அடுத்த கட்டு நாலு மணிக்கு என்று தாதி சொல்லிவிட்டுப் போனார். நான் பஸ்ஸுக்குப் போகவில்லை.